சம்பந்திக்குத் தேவாலயம் காட்டிய மூன்று நாட்கள்

ஸ்னேலரூப், டென்மார்க்,
ஜூன் 16, திங்கட்கிழமை

அன்புள்ள ஆஸ்டாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் நாயும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீ சுகமாக இருக்கிறாய் என்பதை உன் வருங்கால மாமனார் டன்கன் வழியாகத் தெரிந்துகொண்டேன், தேவைக்குச் சற்று அதிகமான விவரங்களோடு. காலையில் இப்போது காப்பி குடிப்பதில்லையாம், டீதானாம். நான் வாங்கிக் கொடுத்த மழைக்கோட்டு கிழிந்துவிட்டதாம், அவர் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தாராம். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் வீட்டில் ஆட்டு இறைச்சி சாப்பிட்டுவிட்டு அவரோடு சீட்டாடி அவரைத் தோற்கடிக்கிறாயாம். என்னோடு சீட்டாட உனக்கு ஒரு நாளும் பொறுமை இருந்ததில்லை என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. உன்னைச் சுண்டெலி என்று கூப்பிடுகிறாராம். அது நான் வைத்த பெயர், அவருக்குத் தானாகத் தோன்றியிருக்க வாய்ப்பில்லை. உன்னை இருபத்தொன்பது வருடமாகத் தெரிந்த ஒருவன், மூன்று வருடமாகத் தெரிந்த ஒருவரிடமிருந்து உன்னைப் பற்றிய செய்திகளைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருப்பது ஒரு நல்ல பயிற்சி. இதையெல்லாம் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், ஆனால் தொலைபேசியில் நான் பேசினால் உன் அம்மா பின்னால் நின்று திருத்தம் சொல்கிறாள். கடிதம் என்றால் எழுதி முடித்த பிறகு படித்துப் பார்த்துச் சிரிப்பதோடு விட்டுவிடுவாள்.

அவர் எதற்காக வந்தார் என்பது எனக்கு முதல் நாளே தெரியும். ஜெர்மனியில் விவசாயக் கருவிகள் கண்காட்சி, போகிற வழியில் எங்களையும் ஓர் எட்டுப் பார்த்துவிட்டுப் போவார் என்று நீங்கள் சொன்னீர்கள். ஜெர்மனியிலிருந்து நியூசிலாந்துக்குப் போகிற வழியில் ஃபூனன் தீவு இல்லை. நான் பள்ளியில் முப்பத்தாறு வருடம் வரலாறும் பூகோளமும் சொல்லிக் கொடுத்தவன். உன் கல்யாணம் நம் தேவாலயத்தில் நடக்கப் போவதில்லை, அங்கே அவருடைய ஆட்டுப் பண்ணையில் நடக்கப் போகிறது, அதை என்னிடம் சொல்ல உனக்குத் தைரியம் வரவில்லை, அவரை அனுப்பியிருக்கிறாய் என்று ஊகித்துக்கொண்டேன். அவர் வாய் திறந்து சொல்லாதவரை அது முடிவானதாக ஆகாது என்பது என் வாதம். அவரைச் சொல்லவிடாமல் பார்த்துக்கொள்ள எனக்கு நம் தேவாலயத்தைவிட நல்ல கருவி கிடையாது. எண்ணூறு வருடத்துக் கட்டடம், பேசிக்கொண்டே இருக்கலாம். நாற்பது வருடமாகக் கோடைகாலத்தில் வருகிறவர்களுக்கெல்லாம் அதைச் சுற்றிக் காட்டுகிறவன் நான். களைத்துப்போய் உட்கார்ந்தவர்கள் உண்டு, நடுவில் என்னை நிறுத்தியவர்கள் கிடையாது.

புதன்கிழமை ரயிலை விட்டு இறங்கியதுமே அவர் என் தோளைப் பிடித்து, 'ஹோல்கர், உங்கிட்ட ஒரு விஷயம் பேசணும்' என்று ஆரம்பித்தார். முதலில் தேவாலயத்தைப் பார்த்துவிடலாம், வெளிச்சம் போய்விடும் என்றேன். ஜூன் மாதத்தில் நம் ஊரில் வெளிச்சம் பதினேழு மணி நேரம் இருக்கும், ஆனால் அது அவருக்குத் தெரியாது. வண்டியில் வரும்போதே வழியிலிருந்த பண்ணைகளை எல்லாம் பார்த்து அவர் வியந்துகொண்டு வந்தார், வைக்கோல் கூரைகளையும் வீட்டுச் சுவரோரம் பூத்திருந்த செம்பருத்தி மாதிரியான உயரப் பூச்செடிகளையும் படம் எடுத்தார், வீகோ வீட்டுச் சுவரில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டார், அவன் மனைவி கெர்டா உடனே வெளியே வந்து ஒரு கிண்ணம் ஸ்ட்ராபெரி கொடுத்தாள். கெர்டா எனக்கு இருபது வருடமாகப் பக்கத்து வீட்டுக்காரி. எனக்கு அவள் கொடுத்தது அவர்கள் வீட்டு வேலி மேல் நம் மரத்தின் கிளை சாய்கிறது என்ற தகவல் மட்டும்.

தேவாலயத் தோட்டத்து வாசல் கதவு கீல் விட்டுத் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று உனக்குத் தெரியும், நீ இங்கே இருந்தபோதே அப்படித்தான். அது பாதுகாக்கப்பட்ட கதவு, அதில் ஓர் ஆணி அடிக்க மூன்று அலுவலகங்களின் அனுமதி வேண்டும், நான் உறுப்பினராக இருக்கும் தேவாலயக் குழு மூன்று வருடமாக அதை விவாதித்து வருகிறது, இரண்டு அறிக்கைகள் எழுதியிருக்கிறோம், ஒன்று முழுக்க நான் எழுதியது. டன்கன் அந்தக் கதவைத் தூக்கிப் பார்த்தார், சட்டைப் பையிலிருந்து ஒரு கத்தியும் துண்டுக் கம்பியும் எடுத்தார், நான் கோபுரம் எந்த நூற்றாண்டில் சேர்க்கப்பட்டது என்று சொல்லி முடிப்பதற்குள் கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. 'ஒண்ணுமில்ல, கம்பி தளந்துருக்கு, அவ்ளோதான்' என்றார். என் அறிக்கை பதினான்கு பக்கம்.

உள்ளே போய் வளைவுக் கூரையில் இருக்கும் ஓவியத்தைக் காட்டினேன், அடுத்த வீட்டுக்காரியைவிட அதிக வெண்ணெய் எடுக்க ஆசைப்பட்டுப் பிசாசைத் துணைக்கு அழைத்த பெண், அவள் தயிர் கடைகிறாள், பிசாசு அவள் கையைப் பிடித்து உதவுகிறது. சமயம் மாறிய காலத்தில் அதன்மேல் சுண்ணாம்பு அடித்து மூடினார்கள், முந்நூறு வருடம் கழித்து எப்படிச் சுரண்டிக் கண்டெடுத்தார்கள் என்று இருபது நிமிடம் பேசினேன். அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்று, 'கடைசில அவளுக்கு வெண்ணெய் கெடச்சுதா?' என்று கேட்டார். நாற்பது வருடத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை. பேராசிரியர்கள் வந்திருக்கிறார்கள், ஒரு தடவை ஒரு பேராயர் வந்திருக்கிறார். உட்கார்ந்து ஓய்வெடுத்துக்கொண்டிருந்த ஜெர்மன் சைக்கிள்காரர்கள் நான்கு பேரும் சிரித்துவிட்டு, போகும்போது ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். நான் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டேன். அவர்கள் என் கையில் கேமராவைக் கொடுத்துவிட்டு டன்கனுக்கு இரண்டு பக்கமும் போய் நின்றுகொண்டார்கள்.

வீட்டுக்கு வந்தால் உன் அம்மா அடுக்குக் கேக் செய்து வைத்திருந்தாள். அந்தக் கேக் என் பிறந்தநாளுக்கு மட்டும் செய்வது, வருடத்துக்கு ஒரு தடவை, அதுவும் எனக்கு எழுபது ஆனபோது பல் டாக்டர் சொன்னார் என்று கிரீமைப் பாதியாக்கிவிட்டாள். டன்கனுக்கு முழுக் கிரீம். ஊறுகாய் ஹெரிங் மீனை அவர் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். ஒரு வெளிநாட்டுக்காரன் அந்த மீனைச் சாப்பிட்டுவிட்டு மூஞ்சியைச் சுளிக்கும் காட்சியை எதிர்பார்த்துத்தான் நான் அதை மேஜையில் வைத்திருந்தேன். நாய் அவர் காலடியில் படுத்துக்கொண்டது. உன் அம்மா என்னிடம் டேனிஷில், 'ஹோல்கர், ஒனக்குப் பொறாமை' என்றாள். இது பொறாமை இல்லை, கவனிப்பு என்றேன். 'சரி, கவனிச்சுக்கிட்டே அந்த உருளைக்கிழங்க நகத்து' என்றாள்.

இந்த இடத்தில் உனக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும், நீ வேறு யாரிடமிருந்தாவது கேட்பதற்கு முன். போன வருடம் ஜூனில் வீகோவின் மகள் லார்க்கெயின் கல்யாணம் நம் தேவாலயத்தில் நடந்தது. இரண்டு வெள்ளைக் குதிரைகள் பூட்டிய வண்டி, ஊரே கூடியது, வீகோ அப்பாவாக மகளைக் கைபிடித்து நடுவழியாகப் பீடம் வரை அழைத்துப் போனான். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவன் கடைக்கு ரொட்டி வாங்கப் போனால்கூட அதே நடைதான். செப்டம்பரில் நீ நிச்சயம் செய்துகொண்ட செய்தியைச் சொன்னாய். ஜூன் மாதத்துச் சனிக்கிழமைகள் சீக்கிரம் போய்விடும், தேவாலயத்தின் நாட்குறிப்பு என் பொறுப்பில் இருந்தது. ஜூன் பதினான்காம் தேதிக்கு நேரே, மதியம் ஒரு மணி, ஆஸ்டா என்று எழுதி வைத்தேன். பென்சிலில்தான் எழுதினேன். பென்சிலில் எழுதுவது பொய் ஆகாது, ஒரு விருப்பம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓடென்சே நகரத்திலிருந்து இரண்டு ஜோடிகள் அந்த நாளைக் கேட்டார்கள், ஏற்கெனவே ஒரு ஜோடி இருக்கிறது என்றேன். அது பென்சில் இல்லை, அது பொய்தான். அந்த வாரத்திலேயே வாருங்கள் என்று டன்கனுக்கு எழுதியதும் நானே. தேவாலயத்தைப் பார்த்தால் அவர் மனம் மாறி உங்கள் இருவரையும் அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார் என்று எழுபத்தொரு வயதுக்காரன் ஒருவன் நம்பினான் என்று வைத்துக்கொள்.

பீடத்துக்குப் பூ வைப்பது கெர்டா. பூ வைக்க வருகிறவள் நாட்குறிப்பைப் பார்க்காமல் போவாளா. ஆனால் நம் ஊரைப் பற்றி உனக்குத் தெரியும், யாரும் யாரையும் நேராக எதையும் கேட்டுவிட மாட்டார்கள், கேட்பது மரியாதைக் குறைவு. கடையில் ஒருத்தி, 'ஜூன் மாசம் வேல ஜாஸ்தியா இருக்குமே ஹோல்கர்' என்றாள், இருக்கும் என்றேன். கோயில் தோட்டக்காரர் இந்த வருடம் சரளைக்கல்லைக் கூடுதல் அக்கறையோடு கோடு கோடாக வாரிவிட்டிருந்தார், நன்றி சொன்னேன். நானும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. நீயாக ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாம் வெளியே வந்திருக்கும், ஆனால் நீயும் இந்த ஊரில் பிறந்தவள்தானே.

வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு, தோட்டத்துப் பெஞ்சில் உட்கார்ந்து அவருக்கு மணியின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் அவர், 'ஹோல்கர், நா வந்தது எதுக்குன்னா' என்றார், அந்த நேரம் பார்த்து வீகோவின் டிராக்டர் சத்தம் கேட்டது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சத்தம் எனக்கு இனிமையாக இருந்தது, ஒரு பத்து விநாடி. பிறகுதான் பின்னால் இழுத்து வந்த வண்டி கண்ணில் பட்டது. வண்டி நிறைய ஊசியிலைக் கிளைகள், இரண்டு ஏணி, ஒரு பெட்டி பீர், தெருவில் உள்ள ஏழு வீட்டுக்காரர்களும். நம் தெருவில் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் வலது பக்கத்து வீட்டுக்காரன் முன்னின்று வாசலில் பச்சை வளைவு கட்ட வேண்டும், அது யாரும் சொல்லி நடப்பதில்லை. முந்தின நாள் வீகோவின் தொழுவத்தில் எல்லோரும் கூடிக் கிளைகளைப் பின்னியிருக்கிறார்கள், எனக்குத் தெரியாமல். 'என்னப்பா, வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிற, ஏணியப் புடி' என்றான் வீகோ. 'எங்க வீட்டு வளைவவிட ஒரு அடி ஒசரமாவே கட்டியிருக்கோம், அப்புறம் கொற சொல்லாத.'

டன்கன் எழுந்து வந்து அந்தப் பச்சைக் குவியலைப் பார்த்தார், சட்டை மாற்றிக்கொண்டு நிற்கும் கூட்டத்தைப் பார்த்தார், 'இது எனக்கா?' என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். ஆஸ்டா, அவர் அழுதுவிட்டார். அவ்வளவு பெரிய மனிதர். 'எங்க ஊர்ல விருந்தாளி வந்தா ஒரு பீர் குடுப்போம், அதோட சரி' என்று சொல்லிக்கொண்டே வீகோவைக் கட்டிப்பிடித்தார். வீகோவை அவன் மனைவியே பகலில் கட்டிப்பிடித்து நான் பார்த்ததில்லை. பிறகு டன்கன் ஏணியில் ஏறிவிட்டார், சுத்தியலை வாங்கிக்கொண்டார், ஒரு மணி நேரத்தில் ஏழு வீட்டுக்காரர்களின் பெயரும் அவருக்குத் தெரிந்துவிட்டது. எல்லாம் முடிந்த பிறகு கெர்டா ஒரு துணி சுற்றிய பலகையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள், உச்சியில் மாட்டுவதற்கு. துணியைப் பிரித்தார். உன் பெயரையும் தன் மகன் ரோரியின் பெயரையும் சேர்த்து எழுதி இரண்டு பக்கமும் ஒரு பறவை வரைந்திருந்தாள். அவர் ஏணியில் நின்றபடியே பலகையைப் படித்தார், பிறகு குனிந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

வீகோ பீரைத் திறந்துகொண்டே, 'நாளைக்குப் பொண்ணு மாப்ள எத்தன மணிக்கு வர்றாங்க? ஸ்டேஷனுக்கு நம்ம வண்டியிலயே போயிரலாம்' என்றான். என்ன சொல்கிறார் என்று டன்கன் கேட்டார். அங்கே இரண்டு மொழியும் சரளமாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இந்த வருடம் கிளைகள் நன்றாகக் கிடைத்தன என்கிறார் என்றேன். டன்கன் மெதுவாக, 'ரொம்ப நல்ல கிளைங்க' என்றார். அவர் என்ன சொன்னார் என்று வீகோ கேட்டான். யோசித்துச் சொல்கிறாராம் என்றேன். 'கல்யாணத்துக்கு ரெண்டு நாள் இருக்கு, இனிமே என்னய்யா யோசன?' என்றான் வீகோ. அப்போது உன் அம்மா காப்பித் தட்டோடு வெளியே வந்தாள். தட்டை மேஜையில் வைத்தாள், கையைத் துடைத்துக்கொண்டாள், 'பொண்ணு வரல. கல்யாணம் இங்க இல்ல, பிப்ரவரில, அவங்க ஊர்ல. எனக்கு ஒரு மாசமாத் தெரியும். ஹோல்கருக்கும் தெரியும்னு நெனைக்கிறேன், மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. யார் யாருக்குப் பால்?' என்றாள். ஒரு மாதத்துக்கு முன்பே அவளிடம் சொல்லியிருக்கிறாய். அதற்காகத் தனியாகப் பொறாமைப்பட அந்த நேரத்தில் எனக்கு வசதிப்படவில்லை, நேற்றுதான் ஆரம்பித்தேன்.

கெர்டாதான், 'அப்ப அந்த டைரில எழுதியிருந்தது?' என்றாள். பென்சிலில் என்றேன். பிறகு வீகோ, 'எங்க லார்க்கெ கல்யாணத்துல கேக்கு வேணாம்னு சொன்னவன் நீ ஒருத்தன்தான். இவனுக்கு வயிறு எரியுதுன்னு கெர்டா அப்பவே சொன்னா. நாந்தான், சேச்சே, சக்கரை வியாதியா இருக்கும்னு சொன்னேன்' என்றான். எல்லோரும் சிரித்தார்கள், உன் அம்மா எல்லோரையும்விட அதிகமாக. வளைவை எப்போது இறக்குவது என்று கேட்டேன். 'கட்டுனத நாங்க அவுக்க மாட்டோம், அது காஞ்சு தானா உதிர்ற வரைக்கும் நிக்கட்டும், நீ தெனமும் அதுக்கடியில குனிஞ்சு போய்ட்டு வா' என்றான் வீகோ. இதை எழுதும்போதும் அது வாசலில் நிற்கிறது. தபால்காரர் இன்று காலையில் மணியடித்து வாழ்த்துச் சொன்னார். சைக்கிளில் போகிறவர்கள் அதற்கடியில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். தேவாலயத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இப்போது முதலில் நம் வீட்டுக்குத்தான் வருகிறார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் உன் அம்மா, 'இன்னிக்கு அந்த மனுஷனப் பேச விடு. கோபுரத்தப் பத்தி ஒரு வார்த்த வாயத் தெறந்தே, சாயங்காலம் நீயே சமச்சுக்க' என்று சொல்லி அனுப்பினாள். நாங்கள் தேவாலயத்துக்கே போனோம், வேறு எங்கே போவது என்று இருவருக்கும் தெரியவில்லை. ஒரு பெஞ்சு வரிசையில் உட்கார்ந்து அதன் ஓரத்துச் சின்னக் கதவைச் சாத்திக்கொண்டோம். நான் வாயை மூடிக்கொண்டேன், அந்த இடத்தில் அது எனக்குப் பழக்கமில்லை. டன்கன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு பேசினார். 'கல்யாணம் எங்கங்கிறத ஒனக்குச் சொல்ல நா வரல, ஹோல்கர். அது ஒனக்கே தெரியும்னு ரெண்டாம் நாளே எனக்குப் புரிஞ்சுபோச்சு. நா கேக்க வந்தது வேற. அவளக் கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போக என்னக் கேட்டுருக்கா. அப்பா விமானத்துல ஏற மாட்டாரு, ஏறச் சொல்லிக் கேட்டா அவருக்கும் கஷ்டம் எனக்கும் கஷ்டம், நீங்க வாங்கன்னா. ஒன் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த கேக்காம சரின்னு சொல்ல எனக்கு மனசு வரல.'

மூன்று நாளாக நான் தவறான வாசலில் காவல் நின்றிருக்கிறேன் ஆஸ்டா. கல்யாணம் எந்த ஊரில் நடந்தால் என்ன என்று அந்த நிமிடத்தில் தோன்றியது, அதுவரை ஒரு தடவைகூடத் தோன்றாதது. ஆனால் நான் படித்தவன், நாகரிகமானவன், ஆகவே தாராளமாக என்று சொன்னேன். குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது. அவர் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டு, 'அப்பச் சரி, இங்க எப்பிடி நடப்பாங்கன்னு கத்துக் குடு. தப்பா நடந்து அவளுக்குத் தலகுனிவாயிரக் கூடாது' என்றார். மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. வாசலில் போய் நின்றோம், நான் மணப்பெண்ணாக, அதாவது நீயாக, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். முதல் தடவை அவர் நடந்தது ஓடிப்போன ஆட்டைத் துரத்துகிற நடை, நான் அவர் பின்னால் இழுபட்டேன். 'இது கல்யாணம், சந்த இல்ல' என்றேன். இரண்டாவது தடவை காலடியைப் பார்த்துக்கொண்டே நடந்தார், தலையை நிமிர்த்தச் சொன்னேன். நடுவில் வந்துகொண்டிருந்தபோது பக்கவாட்டுக் கதவு திறந்து போதகர் சிசெல் வந்தார். கையைக் கோத்துக்கொண்டு பீடத்தை நோக்கி நடந்துவரும் இரண்டு கிழவர்களைப் பார்த்து, 'இன்னிக்கு ஏதாச்சும் கல்யாணம் இருந்து நான் மறந்துட்டேனா?' என்று கேட்டார். ஒத்திகை என்றேன். 'நல்லாருக்கு, பொண்ணு கொஞ்சம் மொறைக்குது' என்று சொல்லிவிட்டு மெழுகுவத்தியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாவது தடவை அவர் சரியாக நடந்தார். நிதானமாக, நிமிர்ந்து, என் கையைத் தன் கைக்குள் அணைத்துக்கொண்டு. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தப்பாகவே நடந்துகொண்டிருந்திருந்தால் பிப்ரவரி வரை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பேன். உன் இடத்திலிருந்து பார்த்தேன், பக்கத்தில் இருந்தது நல்ல தோள், என் தோளைவிட ஒரு சாண் உயரமான தோள், சாய்ந்துகொள்ளலாம். அது என் தோளாக இல்லை. ஏழாவது வரிசைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டேன், கையை உருவிக்கொண்டேன், 'இல்ல' என்றேன். என்ன இல்லை என்று கேட்டார். 'நீ வேணாம். நான் வர்றேன்' என்றேன். எழுபத்தொரு வயதில் ஒரு தேவாலயத்துக்குள் நின்று இவ்வளவு அநாகரிகமாக நான் யாரிடமும் பேசியதில்லை. அவர் என்னைத் தரையிலிருந்து தூக்கிவிட்டார். 'அப்பாடா, சொல்லிட்ட. இதச் சொல்ல வெக்கிறதுக்குத்தான்யா இவ்ளோ தூரம் வந்தேன், நீ என்னடான்னா மூணு நாளா சொவத்தக் காட்டிக்கிட்டே இருக்க' என்றார். ஆக, அவர் என்னைவிட நல்லவர் என்பதும் உறுதியாகிவிட்டது. மற்ற எல்லாவற்றையும் என்னால் மன்னிக்க முடியும், அதை முடியுமா என்று தெரியவில்லை.

சனிக்கிழமை மதியம் அவர் கிளம்பினார். ஊரே ரயிலடிக்கு வந்தது. கெர்டா மூன்று புட்டி ஜாம் கொடுத்தாள், வீகோ தன் தொப்பியைக் கழற்றிக் கொடுத்தான், சிசெல் கதவுக்காகத் தேவாலயக் குழுவின் சார்பில் நன்றி சொன்னார். நான் பள்ளியிலிருந்து ஓய்வுபெற்றபோது ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள், அது ஓடவில்லை. நேற்று ஆராதனை முடிந்து எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது எழுந்து நின்று பென்சில் விஷயத்தையும் இரண்டு ஜோடிகளைத் திருப்பி அனுப்பியதையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன், அவர்களுக்கும் எழுதிவிட்டேன். நாட்குறிப்பு இப்போது கெர்டாவிடம். அவள் மையில் எழுதுகிறாள்.

நான் விமானத்தில் ஏறாததற்குச் சுற்றுச்சூழல் காரணம் என்று உன்னிடம் பல வருடமாகச் சொல்லி வந்திருக்கிறேன், மேற்கோள்களோடு. அது பயம். வெறும் பயம், அதற்கு மேற்கோள் கிடையாது. இன்று காலையில் நகராட்சி அலுவலகத்தில் கடவுச்சீட்டுக்குப் படம் எடுத்தார்கள், சிரிக்கக் கூடாது என்று அந்தப் பெண் சொன்னாள், எனக்கு அதில் சிரமம் இருக்கவில்லை. மூன்று விமானங்கள், முப்பது மணி நேரம். வீகோ ஒரு தடவை ஸ்பெயினுக்கு விமானத்தில் போனவன், அதனால் தினமும் வந்து அறிவுரை சொல்கிறான். உன் அம்மா ஏற்கெனவே இரண்டு பெட்டிகளை எடுத்து வெயிலில் வைத்துவிட்டாள், இன்னும் எட்டு மாதம் இருக்கிறது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். கோடை வந்தால் அந்த ஊர் வெயில் பொல்லாதது என்று டன்கனே சொன்னார், தொப்பி போடாமல் வெளியே போகாதே. ரோரிக்கு என் அன்பைச் சொல், அவன் அப்பாவை மாதிரி எல்லோருக்கும் நல்லவனாக இருக்க வேண்டாம், உனக்கு மட்டும் இருந்தால் போதும். நீங்கள் இருவரும் நீண்ட காலம் நோய் நொடி இல்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் நடுவில் நிறுத்திக் கேட்டு, நன்றாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு மாதம் ஒரு கடிதமாவது எழுது, உறையின் மேல் என் பெயரையும் சேர்த்து எழுது.

ஒன்று பாக்கி இருக்கிறது. நான் வருகிறேன் என்று டன்கனிடம் சொன்னேன், உன் அம்மாவிடம் சொன்னேன், ஊரில் எல்லோரிடமும் சொன்னேன். உன்னிடம் இன்னும் கேட்கவில்லை. நீ கேட்டது என்னை இல்லை, அவரை. அதற்குக் காரணம் இருக்கிறது, அந்தக் காரணம் நான்தான் என்றும் எனக்குத் தெரியும். அவர் கையே போதும் என்று நீ நினைத்தால் அதை எழுதிவிடு, நான் அப்படியும் வருவேன், வந்து முன்வரிசையில் உட்கார்ந்து பொறாமைப்படுவேன், அதில் எனக்குத் தேர்ச்சி உண்டு. ஆனால் நம் ஊரில் யாரும் யாரையும் நேராகக் கேட்பதில்லை என்ற வழக்கத்தை இந்த ஒரு தடவை மீறுகிறேன். அந்தப் பண்ணைப் புல்வெளியில் எத்தனை அடி தூரமோ, அத்தனை தூரத்துக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பாயா?

பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் ஒரே அப்பா,
ஹோல்கர்